ஒரு பென்னிக்கு ஒரு கடிதம்: உலகுக்கு அஞ்சல்தலையைத் தந்த ரோலண்ட் ஹில்

உலகின் முதல் ஒட்டு அஞ்சல்தலை 1840-ஆம் ஆண்டு மே மாதம் இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்தது. அதற்குக் காரணமான ரோலண்ட் ஹில், அத்திட்டத்தை வகுத்தபோது அஞ்சல் துறையில் ஒரு நாள்கூடப் பணியாற்றியிராதவர். பள்ளி ஆசிரியராக வாழ்க்கையைத் தொடங்கியவர். கடிதம் அனுப்புவது செல்வந்தர்களின் வசதியாக இருந்த காலத்தில், அதனை எளியவர்களின் உரிமையாக மாற்றியவர் என்று அவரை வரலாறு நினைவில் வைத்திருக்கிறது.

ஆண்டுதோறும் டிசம்பர் 3-ஆம் தேதி அவருடைய பிறந்தநாள் வருகிறது. அவர் வகுத்த முறை பதினான்கு ஆண்டுகளில் இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது. அஞ்சல்தலை சேகரிப்போர் இன்று பூதக்கண்ணாடி கொண்டு தேடும் நுணுக்கங்கள் பலவும், போலிகளையும் மோசடியையும் தடுப்பதற்காக அவருடைய காலத்தில் எடுக்கப்பட்ட முடிவுகளின் தடயங்களே.

தபால்காரரைக் கண்டு அஞ்சிய வீடு

ரோலண்ட் ஹில் 1795-ஆம் ஆண்டு டிசம்பர் 3-ஆம் தேதி இங்கிலாந்தின் கிடர்மின்ஸ்டர் நகரில் பிறந்தார். தந்தை தாமஸ் ரைட் ஹில் கணிதத்திலும் அறிவியலிலும் ஈடுபாடு மிக்கவர். பின்னர் பர்மிங்ஹாமில் பள்ளி நடத்தினார். வீட்டில் அறிவுக்குக் குறைவில்லை. பணத்துக்குத்தான் எப்போதும் தட்டுப்பாடு.

அக்காலத்தில் கடிதத்துக்கான கட்டணத்தைப் பெரும்பாலும் அதனைப் பெறுபவரே செலுத்த வேண்டியிருந்தது. தபால்காரர் கதவைத் தட்டினால், கையில் காசு இல்லையே என்று ஹில்லின் தாய் கலங்குவார். கடிதக் கட்டணம் செலுத்துவதற்காகப் பழந்துணிகளை விற்று வரச் சிறுவனான தம்மைத் தாய் அனுப்பிய நிகழ்வை ஹில் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

பன்னிரண்டு வயதை எட்டும்போதே தந்தையின் பள்ளியில் மாணவராகவும் ஆசிரியராகவும் இருந்தார். 1819-இல் பர்மிங்ஹாமை ஒட்டிய எட்ஜ்பாஸ்டனில் ஹேசல்வுட் என்ற புதிய பள்ளியைச் சகோதரர்களுடன் தொடங்கினார். பிரம்படி இல்லாமல், மாணவர்களே விதிகளை வகுத்துத் தங்களைத் தாங்களே நிர்வகித்துக்கொள்ளும் முறை அங்கு நடைமுறையில் இருந்தது. 1827-இல் பள்ளி லண்டனை அடுத்த டாட்டன்ஹாமில் உள்ள புரூஸ் காசில் மாளிகைக்கு விரிவடைந்தது. அதே ஆண்டில் கரோலின் பியர்சனை மணந்தார்.

1830-களில் பள்ளிப் பணியிலிருந்து விலகி, தென் ஆஸ்திரேலியக் குடியேற்றத்துக்கான ஆணையத்தின் செயலாளரானார். சுழலும் உருளைகளால் இயங்கும் அச்சு எந்திரம் ஒன்றையும் வடிவமைத்தார். எதைக் கண்டாலும் அதன் செலவைக் கணக்கிட்டு, வீண் எங்கே என்று தேடுவது அவருடைய இயல்பாக இருந்தது.

கணக்கு காட்டிய உண்மை

அன்றைய அஞ்சல் கட்டணம் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் பொறுத்தது. லண்டனிலிருந்து எடின்பரோவுக்கு ஒரே தாளில் எழுதிய கடிதத்துக்கு ஒரு ஷில்லிங்குக்கும் மேல் கட்டணம். பன்னிரண்டு பென்னிகள் சேர்ந்தது ஒரு ஷில்லிங். உழைக்கும் குடும்பங்களுக்கு அது பெருந்தொகை. உள்ளே எத்தனை தாள்கள் உள்ளன என்று அறிய, கடிதத்தை விளக்கொளியில் பிடித்துப் பார்ப்பது அஞ்சல் ஊழியர்களின் அன்றாட வேலையாக இருந்தது.

கட்டணத்தைத் தவிர்க்க மக்கள் பல வழிகளைக் கண்டறிந்தனர். வண்டிக்காரர்கள் வழியாகக் கடிதங்கள் திருட்டுத்தனமாகச் சென்றன. உறையின் மேல் ஒரு குறியைப் போட்டு அனுப்புவார்கள். பெறுபவர் அக்குறியைப் பார்த்துச் செய்தியைப் புரிந்துகொண்டு, கடிதம் வேண்டாம் என்று திருப்பிவிடுவார். தம் சகோதரன் அனுப்பிய கடிதத்தை இவ்வாறு ஓர் ஏழைப் பெண் திருப்பியனுப்பியதாக ஒரு கதை உண்டு. அதனை நேரில் கண்டவர் ஹில் என்றே பலரும் எழுதிவருகின்றனர். உண்மையில் அது கவிஞர் கோல்ரிட்ஜின் அனுபவம். ஹில் அதனை எடுத்துக்காட்டாகச் சொன்னவர் மட்டுமே. மறுபுறம், நாடாளுமன்ற உறுப்பினர்களின் கடிதங்கள் அவர்களுடைய கையொப்பத்தின் பேரில் இலவசமாகச் சென்றன.

நாடாளுமன்ற உறுப்பினர் ராபர்ட் வாலஸ் தந்த அரசு அறிக்கைக் கட்டுகளை ஹில் பொறுமையாகப் படித்தார். ஒரு கடிதத்தை லண்டனிலிருந்து எடின்பரோவுக்குச் சுமந்து செல்லும் செலவு ஒரு பென்னியில் முப்பத்தாறில் ஒரு பங்கு மட்டுமே என்று அவருடைய கணக்கு காட்டியது. செலவு தூரத்தில் இல்லை. தாள்களை எண்ணுவதிலும், ஒவ்வொரு கடிதத்துக்கும் தனிக் கட்டணம் எழுதுவதிலும், வீடு வீடாக நின்று காசு வசூலிப்பதிலும், அவற்றுக்குக் கணக்கு வைப்பதிலுமே இருந்தது.

இதிலிருந்து அவர் மூன்று முடிவுகளுக்கு வந்தார். நாடு முழுவதற்கும் ஒரே கட்டணம் வேண்டும். அது எடையைப் பொறுத்ததாக இருக்க வேண்டும். அனுப்புபவரே அதனை முன்கூட்டிச் செலுத்த வேண்டும். 1837-இல் இத்திட்டத்தைச் சிறு நூலாக வெளியிட்டார். அதே ஆண்டு பிப்ரவரியில் அஞ்சல் துறை விசாரணை ஆணையத்தின் முன் சாட்சியமளித்தபோது, முத்திரை பதிக்கப் போதுமான அளவுள்ள சிறு தாளின் பின்புறம் பசை தடவி, அதனை ஈரமாக்கிக் கடிதத்தில் ஒட்டலாம் என்ற யோசனையைத் தெரிவித்தார். அஞ்சல்தலை என்ற பொருள் அரசின் பார்வைக்கு வந்தது அப்போதுதான்.

எதிர்ப்பைக் கடந்த மக்கள் ஆதரவு

அஞ்சல் துறையின் உயரதிகாரிகள் இத்திட்டத்தை ஏற்கவில்லை. அமைச்சர் லிட்ச்ஃபீல்ட் பிரபு இதனை நடைமுறைக்கு ஒவ்வாத கற்பனை என ஒதுக்கினார். துறைச் செயலாளர் மேபர்லி, அரசின் வருவாய் அழிந்துவிடும் என்று எச்சரித்தார். ஆனால் வணிகர்கள் திரண்டனர். லண்டனில் அவர்கள் அமைத்த குழு, ஹென்றி கோல் என்பவரின் துணையோடு நாடெங்கும் பிரசாரம் செய்தது. நாடாளுமன்றத்தில் மனுக்கள் குவிந்தன. 1839-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17-ஆம் தேதி சட்டத்துக்கு அரச ஒப்புதல் கிடைத்தது. திட்டத்தைச் செயல்படுத்தும் பொறுப்பு, நிதித் துறையின் கீழ் தற்காலிகப் பதவியாக ஹில்லிடமே ஒப்படைக்கப்பட்டது.

1840-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் தேதி முதல், அரை அவுன்ஸ் எடைக்குட்பட்ட கடிதம் நாட்டின் எந்த மூலைக்கும் ஒரு பென்னிக்குச் சென்றது. முன்கூட்டிச் செலுத்தாவிட்டால் இரு மடங்கு கட்டணம். மக்கள் பிரதிநிதிகளின் இலவசச் சலுகையும் அன்றோடு முடிவுக்கு வந்தது. எனினும் அஞ்சல்தலை அப்போது தயாராகியிருக்கவில்லை. மக்கள் காசாகவே கட்டணம் செலுத்தினர்.

போலியைத் தடுக்க ஒரு முகம்

அஞ்சல்தலை என்பது உண்மையில் பணம். ஒரு பென்னி மதிப்புள்ள தாளை எவரேனும் வீட்டில் அச்சடித்துவிட்டால் திட்டமே குலைந்துவிடும். எனவே எவ்வாறு தயாரிப்பது என்ற கேள்விக்கு விடை காண, அரசு பொதுமக்களிடம் யோசனைகள் கேட்டுப் பரிசு அறிவித்தது. ஏறக்குறைய 2,600 யோசனைகள் வந்தன. சிலவற்றுக்குப் பரிசும் வழங்கப்பட்டது. ஆனால் எதுவும் அப்படியே ஏற்கப்படவில்லை.

இறுதியில் விக்டோரியா அரசியாரின் முகத்தைப் பயன்படுத்துவது என முடிவாயிற்று. மனிதக் கண் வேறெந்த வடிவத்தையும்விட முகத்தில் ஏற்படும் சிறு மாற்றத்தை விரைவில் கண்டுகொள்ளும். போலி முகம் எளிதில் பிடிபடும் என்பதே காரணம். 1837-இல் அரசியார் லண்டன் மாநகருக்கு வருகை தந்ததையொட்டி வில்லியம் வயன் செதுக்கிய பதக்கத்திலிருந்து உருவம் எடுக்கப்பட்டது. ஓவியர் ஹென்றி கார்போல்ட் அதனை வரைந்தார். சார்லஸ் ஹீத்தும் அவர் மகன் ஃபிரெடரிக்கும் அதனை உருக்கில் செதுக்கினர். முகத்தின் பின்னணியில் கையால் வரைய இயலாத நுண்ணிய கோட்டுப் பின்னலை எந்திரம் பதித்தது.

அச்சிடும் பொறுப்பு லண்டனின் பெர்கின்ஸ், பேகன் அண்ட் பெட்ச் நிறுவனத்துக்கு வழங்கப்பட்டது. மென்மையான உருக்குத் துண்டில் ஒரே ஓர் அஞ்சல்தலை செதுக்கப்பட்டு, பின்னர் அது சூடேற்றிக் கடினமாக்கப்பட்டது. அதன் மேல் மென்மையான உருக்கு உருளையை அழுத்தி உருட்டியபோது, உருவம் உருளைக்கு மாறியது. அந்த உருளையையும் கடினமாக்கி, பெரிய தகட்டின் மேல் 240 முறை அழுத்தினர். இவ்வாறு ஒரு தகட்டில் 240 ஒத்த உருவங்கள் அமைந்தன. 240 பென்னி சேர்ந்தது அன்றைய ஒரு பவுண்டு. ஒரு வரிசைக்குப் பன்னிரண்டு அஞ்சல்தலைகள். அதாவது ஒரு ஷில்லிங். முழுத் தாள் ஒரு பவுண்டு. அஞ்சல் நிலைய எழுத்தருக்குக் கணக்கு கண்ணிலேயே தெரிந்தது.

தகட்டில் இருந்த ஒவ்வோர் உருவத்தின் கீழ் மூலைகளிலும் இரண்டு எழுத்துகள் கையால் அடித்துப் பதிக்கப்பட்டன. இடது எழுத்து வரிசையையும், வலது எழுத்து அவ்வரிசையில் அதன் இடத்தையும் குறித்தது. முதல் அஞ்சல்தலையில் ஏ, ஏ. கடைசியில் டி, எல். ஒரே அஞ்சல்தலையைப் பார்த்து ஒருவர் போலி தயாரித்தால், அனைத்திலும் ஒரே எழுத்துகள் வந்து அவரைக் காட்டிக்கொடுத்துவிடும்.

தாளிலும் ஒரு காவல் இருந்தது. தாள் தயாராகும்போதே ஒவ்வோர் அஞ்சல்தலையின் இடத்திலும் சிறு கிரீடத்தின் வடிவம் நீர்க்குறியாக அமைக்கப்பட்டது. வெளிச்சத்தில் பிடித்தால் மட்டுமே அது தெரியும். பின்புறம் உருளைக்கிழங்கு மாவுச்சத்தால் செய்த பசை பூசப்பட்டது. தாளில் துளைகள் இல்லை. எழுத்தர்கள் கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்தனர். பென்னி பிளாக் என்று பெயர் பெற்ற இந்தக் கறுப்பு அஞ்சல்தலை 1840 மே 1-ஆம் தேதி விற்பனைக்கு வந்தது. மே 6 முதல் செல்லுபடியானது. அதில் நாட்டின் பெயர் இல்லை. பிரிட்டன் இன்றளவும் தன் அஞ்சல்தலைகளில் பெயர் பொறிப்பதில்லை.

கறுப்பு சிவப்பாக மாறிய கதை

அஞ்சல்தலையைவிட, ஓவியர் முல்ரெடி வரைந்த படத்துடன் வெளிவந்த கட்டணம் செலுத்திய உறையையே மக்கள் விரும்புவார்கள் என்று ஹில் எண்ணியிருந்தார். அந்தக் கணிப்பு பொய்த்தது. பிரிட்டன் உலகின் நாற்றிசைக்கும் கடிதங்களை அனுப்புவதாகக் காட்டிய அந்த ஆடம்பரச் சித்திரம் ஊர் முழுவதும் கேலிக்குள்ளானது. வெளியான சில நாள்களிலேயே அதனை மாற்ற வேண்டியிருக்கும் என்பதை ஹில் உணர்ந்துகொண்டார். மக்கள் தேர்ந்தெடுத்தது சிறு கறுப்புத் தாளையே.

ஆனால் கறுப்பிலும் ஒரு சிக்கல் எழுந்தது. பயன்படுத்திய அஞ்சல்தலையின் மேல் சிவப்பு மையால் முத்திரை குத்தினர். சிலர் அந்தச் சிவப்பைக் கழுவி நீக்கிவிட்டு மீண்டும் பயன்படுத்தினர். பல வண்ணங்களிலும் பல மைகளிலும் சோதனைகள் நடந்தன. அத்தாள்களைச் சேகரிப்பாளர்கள் வானவில் சோதனைகள் என்று அழைக்கின்றனர். முடிவில் ஏற்பாடு தலைகீழாக்கப்பட்டது. 1841 பிப்ரவரியில் அஞ்சல்தலை செம்பழுப்பு நிறத்துக்கு மாறியது. முத்திரை மை கறுப்பாயிற்று. பென்னி பிளாக்கின் ஆயுள் ஓராண்டுக்கும் குறைவு. ஆயினும் அதற்குள் ஏறக்குறைய 6.8 கோடி அஞ்சல்தலைகள் அச்சாகியிருந்தன.

பதவி பறிப்பும் மீள்வருகையும்

கடிதங்களின் எண்ணிக்கை உடனடியாகப் பெருகியது. 1839-இல் ஏறக்குறைய 7.6 கோடியாக இருந்தது, 1840-இல் சுமார் 16.9 கோடியானது. ஆனால் அரசுக்குக் கிடைத்த நிகர வருவாய் ஒரே ஆண்டில் மூன்றில் ஒரு பங்காகச் சரிந்தது. விரைவில் மீளும் என்ற ஹில்லின் நம்பிக்கை நிறைவேறவில்லை. பழைய நிலையை எட்ட இருபது ஆண்டுகளுக்கும் மேல் ஆயிற்று. எதிர்ப்பாளர்களுக்கு அதுவே ஆயுதமாயிற்று.

ஆட்சி மாறி ராபர்ட் பீல் பிரதமரான பின், 1842-இல் ஹில்லின் பணி முடித்துவைக்கப்பட்டது. தாம் வகுத்த சீர்திருத்தம் பாதியில் நிற்க, அதன் எதிர்ப்பாளர்களின் கையில் துறையை விட்டு அவர் வெளியேற நேர்ந்தது. லண்டன் - பிரைட்டன் ரயில்வே நிறுவனத்தில் இயக்குநராகவும் பின்னர் தலைவராகவும் பணியாற்றினார். மக்கள் அவரை மறக்கவில்லை. நன்கொடை திரட்டி சுமார் 13,000 பவுண்டுகளை நன்றிக்காணிக்கையாக வழங்கினர்.

1846-இல் மீண்டும் ஆட்சி மாறியபோது அஞ்சல் துறைக்குத் திரும்பினார். 1854-இல் மேபர்லி வகித்த செயலாளர் பதவியே அவரை வந்தடைந்தது. லண்டன் மாநகரைப் பத்து அஞ்சல் வட்டாரங்களாகப் பிரித்தது அவருடைய நிர்வாகத்தில்தான். அவருடைய மகன் பியர்சன் ஹில் 1857-இல் முத்திரை குத்தும் எந்திரம் ஒன்றை உருவாக்கினார். அஞ்சல்தலைத் தயாரிப்பிலும் மாற்றங்கள் தொடர்ந்தன. ஹென்றி ஆர்ச்சர் உருவாக்கிய துளையிடும் எந்திரத்தின் உரிமையை அரசு 4,000 பவுண்டுக்கு வாங்கியது. 1854 முதல் துளையிட்ட தாள்கள் பரவலாயின. பயன்படுத்திய இரு அஞ்சல்தலைகளில் முத்திரை படாத பாதிகளை ஒட்டி ஏமாற்றுவதைத் தடுக்க, 1858 முதல் நான்கு மூலைகளிலும் எழுத்துகள் இடம்பெறத் தொடங்கின.

பழகுவதற்கு எளியவர் அல்லர் ஹில். தம் திட்டத்தில் பிறர் கைவைப்பதை அவர் விரும்பியதில்லை. அதே துறையில் பணியாற்றிய நாவலாசிரியர் அந்தோணி டிரோலப்புக்கும் அவருக்கும் ஒத்துப்போகவில்லை. பிரிட்டனில் தூண் வடிவ அஞ்சல் பெட்டியை முதலில் பரிந்துரைத்தவர் அந்த டிரோலப்தான். ஒட்டு அஞ்சல்தலையை முதலில் எண்ணியவர் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரைச் சேர்ந்த ஜேம்ஸ் சால்மர்ஸ் என்று அவருடைய மகன் பின்னாளில் வாதிட்டார். யோசனை எவருடையதாயினும், ஒரே கட்டணம், முன்செலுத்தல், அஞ்சல்தலை ஆகிய மூன்றையும் ஒரு முறையாக இணைத்து நாட்டில் நிலைநாட்டியவர் ஹில் என்பதில் ஐயமில்லை.

சிந்துவில் தொடங்கி நாசிக் வரை

கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியிலும் அஞ்சல் கட்டணம் தூரத்தைப் பொறுத்தே இருந்தது. கல்கத்தாவிலிருந்து பம்பாய்க்கு ஒரு தோலா எடையுள்ள கடிதம் செல்ல ஒரு ரூபாய் ஆனது. சிந்து மாகாண ஆணையராக இருந்த பார்ட்டில் ஃபிரேர், 1852 ஜூலை 1-ஆம் தேதி அம்மாகாணத்துக்கு மட்டும் சிந்து டாக் என்ற வட்ட வடிவ அஞ்சல்தலையை வெளியிட்டார். இத்துணைக்கண்டத்தின் முதல் அஞ்சல்தலை அதுவே.

1854 அக்டோபர் 1-ஆம் தேதி இந்தியா முழுவதற்குமான அஞ்சல்தலைகள் நடைமுறைக்கு வந்தன. கால் தோலா எடையுள்ள கடிதம், தூரம் எதுவாயினும், அரை அணாவுக்குச் சென்றது. ஹில்லின் கணக்கு இங்கும் வென்றது. ஆனால் பெர்கின்ஸ் நிறுவனத்தின் உருக்குத் தகடுகள் இங்கு இல்லை. நில வரைபடங்கள் அச்சிட்டுவந்த கல்கத்தா சர்வேயர் ஜெனரல் அலுவலகத்தில், கேப்டன் தூலியேயின் மேற்பார்வையில் கல்லச்சு முறையில் அவை உருவாயின. நான்கு அணா அஞ்சல்தலை சிவப்பு, நீலம் என இரு வண்ணங்களில் இரு முறை அச்சிடப்பட்டது. சில தாள்களில் அரசியாரின் தலை தலைகீழாகப் பதிந்துவிட்டது. அச்சகத்தின் அந்தப் பிழை, இன்று இந்திய அஞ்சல்தலைகளில் மிக அரியவற்றுள் ஒன்றாகப் போற்றப்படுகிறது.

அடுத்த ஆண்டிலிருந்து லண்டனின் டி லா ரூ நிறுவனம் இந்தியாவுக்காக அஞ்சல்தலைகளை அச்சிடத் தொடங்கியது. நாசிக்கில் பாதுகாப்பு அச்சகம் அமைந்த பின், 1926 முதல் அப்பணி இந்தியாவிலேயே நடைபெறலாயிற்று. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் அஞ்சல்தலை, தேசியக் கொடியுடன் 1947 நவம்பர் 21-ஆம் தேதி வெளியானது.

சேகரிப்பாளரின் கண்ணாடியில்

பென்னி பிளாக் விற்பனைக்கு வந்த அன்றே, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் விலங்கியல் அறிஞர் ஜான் எட்வர்ட் கிரே சிலவற்றை வாங்கிப் பத்திரப்படுத்தினார். கடிதத்தில் ஒட்டுவதற்காக அன்றி, நினைவுக்காக வாங்கிய முதல் மனிதர்களுள் ஒருவர் அவர். அங்கிருந்து தொடங்கிய சேகரிப்புக் கலை இன்று உலகெங்கும் பரவியுள்ளது.

மூலை எழுத்துகளைக் கொண்டு, சிதறிக் கிடக்கும் அஞ்சல்தலைகளை ஒன்றுசேர்த்து 240 கொண்ட பழைய தாளை மீண்டும் அமைக்க முயல்வோர் உண்டு. கையால் அடித்த எழுத்து சற்றுச் சாய்ந்திருந்தால், அது எந்தத் தகட்டிலிருந்து வந்தது என்பதை அறிய அச்சாய்வே துணைபுரிகிறது. நீர்க்குறி நேராக உள்ளதா, விளிம்பு கத்தரிக்கோலுக்குத் தப்பியதா, முத்திரை சிவப்பா கறுப்பா என்பனவே விலையைத் தீர்மானிக்கின்றன. பென்னி பிளாக் அரிய பொருள் அன்று. பெருமளவில் அச்சானது, பெருமளவில் எஞ்சியும் இருக்கிறது. அதன் மதிப்பு, முதலாவது என்பதில் இருக்கிறது.

இறுதி நாள்கள்

1860-இல் ஹில்லுக்கு சர் பட்டம் வழங்கப்பட்டது. உடல்நலம் குன்றியதாலும், துறை அமைச்சருடன் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டாலும் 1864-இல் பணியிலிருந்து விலகினார். நாடாளுமன்றம் அவருக்கு 20,000 பவுண்டு வழங்கிச் சிறப்பித்தது. 1879-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27-ஆம் தேதி லண்டனின் ஹாம்ஸ்டெட்டில் தமது 83-ஆவது வயதில் காலமானார். பிரிட்டன் தன் பெருமக்களை நல்லடக்கம் செய்யும் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் அவருடைய உடல் அடக்கம் செய்யப்பட்டது.

தபால்காரர் கதவைத் தட்டும் ஓசைக்குத் தாய் கலங்கிய வீட்டில் வளர்ந்தவர் அவர். அவர் மறைந்தபோது, அந்த ஓசைக்காக வீடுகள் காத்திருக்கும் காலம் வந்துவிட்டிருந்தது.